கத்தி படாத பாண்

"அரை றாத்தல் தாங்க. கத்தி வேணாம். பிச்சுத் தாங்க."

எங்கள் கடைப் பலகைக்கு முன்னால் நின்று அந்த மனுசி முதன்முதலில் என்னிடம் சொன்னது இதுதான். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டின் முன்பக்கம் பாண் கடை, பின்பக்கம் அதைச் சுடுகிற போறணை. என் வீட்டுக்காரர் மௌத்தான பிறகு அந்தப் போறணையின் நெருப்பை அணையவிடாமல் வைத்திருந்தவள் நான். மா குழைக்கவும் சுடவும் விற்கவும் தெரிந்த எனக்கு, பாண் எப்படிக் கொடுப்பதென்று ஒருத்தர் வந்து சட்டம் சொல்வதா என்று கோபம் வந்தது.

"பிச்சா சரிபாதி வராது. கூடக்குறைய வரும்," என்றேன்.

"வரட்டும்."

"அப்ப எந்தப் பாதி உங்களுக்கு?"

"குறைஞ்சது எனக்கு. கூடினது அடுத்து வாற ஆளுக்கு."

அடுத்து வந்தவர் ஒரு ஆட்டோக்காரர். அரை றாத்தல் கேட்டவருக்கு முக்கால் றாத்தல் மாதிரி ஒரு துண்டு கிடைத்தது. மறுநாள் கடைக்குள் வராமல் ரோட்டிலேயே ஆட்டோவை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உம்மா, அந்த அக்கா வந்திட்டுப் போயிட்டாவா? இல்லாட்டி நான் கொஞ்சம் நிண்டு வாறன்."

நான் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து அந்த மனுசி மேல் இருந்த கோபமும் போய்விட்டது.

அவர் பெயரை எழுதமாட்டேன். பள்ளிப் பிள்ளைகளின் உடுப்புத் தைத்துச் சீவித்தவர். தன் கிறிஸ்தவ சபையின் மேசைக்கு வெள்ளைச் சீலையில் பூவேலை செய்து கொடுத்தபோது, ஓரத்தில் பெயர் போடச் சொன்னார்களாம். "பேரைப் போட்டா அது என்ட சீலை. போடாட்டி மேசைட சீலை," என்று மறுத்துவிட்டாராம். அப்படிப்பட்டவரின் பெயரை நான் போட்டால் எழும்பி வந்து சண்டை பிடிப்பார். நான் அவரை அக்கா என்றேன். அவர் என்னை, எங்கள் ஆட்கள் அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி, ராத்தா என்றார். எங்கள் இரண்டு பேரில் யார் மூத்தவர் என்பது கடைசிவரை தீரவில்லை. இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை.

நாள் முழுக்கக் கத்தரிக்கோல் பிடித்த கைதான். ஆனால் தின்கிற எதிலும் அவர் இரும்பு படவிடமாட்டார். வடையைப் பிய்ப்பார், வாழைப்பழத்தைப் பிய்ப்பார், விசுக்கோத்தை உடைப்பார். எதையும் முழுசாகத் தன் வாயில் வைத்து நான் பார்த்ததில்லை. ஒருமுறை அம்பாறைக்கு பஸ்ஸில் போனோம். பையிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்தார், பிய்த்தார், பக்கத்தில் நின்ற கொண்டக்டரிடம் பாதியை நீட்டினார். அந்தப் பெடியன் முகத்தைச் சுளித்தான்.

"நான் கேட்கல்லியே அம்மா," என்றான்.

"கேட்டவனுக்குக் குடுத்தா அது கடன் மாதிரி, மகன். இது சும்மா. சாப்பிடு."

சாப்பிட்டான். இறங்கும்போது எங்கள் கூடையைக் கீழே இறக்கியும் கொடுத்தான்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஒருநாள் கேட்டேன். கடைப் பலகையில் கத்தியால் வெட்டிய பாண் ஒன்று இருந்தது. அதன் இரண்டு பாதியையும் எடுத்துக் காட்டினார். "இது ரெண்டும் இனி ஆளையாள் தெரியாத மாதிரி இரிக்கும். எந்தப் பாதியும் எந்தப் பாணுக்கும் பொருந்தும்." பிறகு தன் அரை றாத்தலை மற்றப் பாதியோடு சேர்த்து வைத்தார். ஒன்றின் மேடு மற்றதின் பள்ளத்தில் போய் இருந்தது. "இதைப் பாருங்க. இது எங்க போனாலும் மற்றதைத் தேடும்."

பாண் விற்று நரைத்தவள் நான். அன்றைக்குத்தான் பாணின் உள்பக்கத்தை நின்று பார்த்தேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டவுனில் இருந்த சின்னச் சபைக்குத் திருவிருந்துப் பாண் செய்வது அவர் பொறுப்பாக இருந்தது. மாசத்தின் முதல் ஞாயிறு அவர்கள் மேசையில் ஒரு பாணை வைத்து, போதகர் அதைப் பிய்க்க, எல்லோரும் அதில் ஒரு துண்டு வாங்கிச் சாப்பிடுவார்கள். அவர் வீட்டில் போறணை ஏது? "உங்கட போறணையில சூடு மிஞ்சிக் கிடக்கிற நேரம் எனக்கு ரெண்டு பாண் வைக்க இடம் தருவீங்களா?" என்று கேட்டார். சனிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு எங்கள் பாண் எல்லாம் வெளியே வந்துவிடும். சூடு மட்டும் உள்ளே இருக்கும். அந்தச் சூட்டில் சுடலாம் என்றேன்.

அச்சில் போடாமல் கையால் உருட்டிய இரண்டு உருண்டைப் பாண். ஒன்று மேசைக்கு. மற்றது ஏன் என்று கேட்டேன்.

"மேசைக்குப் போறதில உங்களுக்குத் தர எனக்கு ஏலா ராத்தா. அது எங்கட விசுவாசத்தில கை நீட்டுற ஆக்களுக்கு. அதை உங்களிட்ட நீட்டினா, உங்களையும் மதிக்காத மாதிரி, அதையும் மதிக்காத மாதிரி. அதால நமக்கெண்டு ஒண்டு. மா ஒண்டுதான்."

எனக்கு அந்த நேர்மை பிடித்தது. தருகிறேன் என்று குழைந்திருந்தால் பிடித்திருக்காது.

என் வீட்டுக்காரரின் தம்பி, மச்சான், அதைக் கேள்விப்பட்டு வந்தார். "மதினி, அவங்கட வணக்கத்துக்கு நாம பாண் சுட்டுக் குடுக்கிற கூடுமா?"

"நான் பிஸ்மில்லாஹ் சொல்லி மாவில கை வைக்கிறன் மச்சான். பாணாக்கிக் குடுக்கிறன். அதுக்குப் பிறகு அவங்க செய்யிறது அவங்கட வேல. கலியாண வீட்டுக்கும் மையித்து வீட்டுக்கும் நான் ஒரே பாண்தான் சுடுறன்."

"உங்களோட கதைச்சு வெல்ல ஏலா."

"தெரியுதுதானே. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

மா பொங்கும்வரை போறணை வாசலில் இருந்து கதைப்போம். அந்தப் பாணின் விளக்கத்தை அங்கேதான் கேட்டேன். பிடிபடப் போகிற நாளில் அவர்களுடைய ஆண்டவர், நாங்கள் ஈஸா நபி என்கிறவர், தன் ஆட்களோடு இருந்து சாப்பிட்டாராம். பாணை எடுத்து, நன்றி சொல்லி, பிய்த்து, இது உங்களுக்காகக் கொடுக்கப்படும் என் உடம்பு என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்தாராம்.

"காட்டிக் குடுக்கப் போறவனும் அந்தப் பந்தியிலதான் இருந்தான்," என்றார் அக்கா.

"அவனுக்குமா குடுத்தார்?"

"ஓம். ஆள் பார்த்துக் குடுக்கேல்ல."

"பாண் எப்பிடி அக்கா உடம்பாகும்?"

மாவிலிருந்து கையை எடுக்காமல் யோசித்தார். "கத்தோலிக்கக் கோயில்ல மெய்யாவே மாறுது எண்டுவாங்க. அங்க புளிப்பில்லாம, தாள் மாதிரி மெல்லிசா, வட்டமாச் செய்யிறது. எங்கட ஆக்கள் வேற மாதிரிச் சொல்லுவாங்க. எனக்கு அந்த வழக்குத் தெரியா ராத்தா. ஒரு ஆள் மற்றவங்களுக்காகத் தன்னையே பிச்சுக் குடுத்தார். பாணைப் பிக்கக்குள்ள என்ட கைக்கு அது ஞாபகம் வருது. எனக்கு அது போதும்."

ஈஸா நபியைச் சிலுவையில் கொன்றார்கள் என்பதை எங்கள் மார்க்கம் ஏற்காது. அதை நான் மறைக்காமல் சொன்னேன். "தெரியும் ராத்தா," என்றார். மாக் குழைப்பதை நிறுத்தவில்லை. ஈஸா நபியின் கூட்டத்தார் கேட்டு, வானத்திலிருந்து உணவு விரிப்பு இறங்கினதைச் சின்ன வயதில் ஓதியிருக்கிறேன், அதையும் சொன்னேன். "அப்ப உங்களிட்டயும் ஒரு மேசை இரிக்கி," என்றார். அதோடு இரண்டு பேரும் மாவைப் பார்த்தோம்.

அக்கா என் மகளின் கலியாணத்துக்கு வந்தபோது எங்கள் வழக்கப்படி ஒரு பெரிய தட்டில், சஹனில், சோற்றைக் குவித்து வைத்து ஆறு பெண்கள் சுற்றியிருந்து சாப்பிட்டோம். வேறு மார்க்கத்து ஆட்களுக்குத் தனிப் பீங்கான் வைப்போம். அக்காவுக்கும் வைத்தார்கள். அதைத் தள்ளிவிட்டுச் சஹனில் வந்து இருந்தார். பெரிய இறைச்சித் துண்டு ஒன்று அவர் பக்கம் இருந்தது. நான் நினைத்த மாதிரியே அதைப் பிய்த்து ஆறு பேர் பக்கமும் தள்ளினார். என் சம்மந்தி என் காதில் குசுகுசுத்தார்: "இந்த மனுசி எங்கட ஆளா?" "இல்ல," என்றேன். "ஆனா எங்கட ஆள்தான்."

இனி அந்த வருஷத்துக்கு வருகிறேன்.

உயிர்த்த ஞாயிறு, ஈஸ்டர் அன்று, தேவாலயங்களில் குண்டு வெடித்தது. தொழப் போன சனம் செத்தது. செய்தவர்கள் எங்கள் மார்க்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள். எனக்கு அன்று கோபம் வந்தது, பிறகு வெட்கம் வந்தது, பிறகு பயம் வந்தது. ரோட்டில் சோதனைச்சாவடி போட்டார்கள். எங்கள் கடைகளுக்கு அந்தப் பக்கத்துச் சனம் வருவது நின்றது. சுட்ட பாண் பலகையில் அப்படியே காய்ந்தது. கடையைச் சாத்திவிடச் சொன்னார் மச்சான். நான் சாத்தவில்லை. பயந்து சாத்தினால் நானும் குண்டு வைத்தவர்களோடு ஒருத்தி என்று ஆகிவிடும்.

ரோட்டைக் கடந்து முதலில் வந்தவர் அக்கா. பட்டப்பகலில், கூடையோடு, சாவடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு வந்தார்.

"அரை றாத்தல். பிச்சுத் தாங்க."

கொடுத்தேன். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடை வாசலில், போகிற வருகிற சனமெல்லாம் பார்க்க, நின்றுகொண்டே சாப்பிட்டார். ஒரு துண்டும் மிச்சம் வைக்கவில்லை.

"தொண்டைல அடைக்கும், தேத்தண்ணி ஊத்துறன்," என்றேன்.

"ஊத்துங்க. அதையும் இங்கயே நிண்டு குடிக்கிறன்."

சில கிழமைக்குப் பிறகு, மூடியிருந்த சபையை மறுபடி திறந்தார்கள். திறந்தபின் முதல் திருவிருந்து எங்கள் நோன்பு மாசத்தில் வந்தது. சபைக் கமிட்டியில் தலைவராக இருந்தவர் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர். கூட்டத்தில் அவர் சொன்னாராம்: "காலம் சரியில்ல. சனம் பயத்தில இருக்கு. கொஞ்ச நாளைக்கு வெட்டி அடைச்ச பக்கெட் பாண் எடுப்பம்."

அக்கா எழும்பினாராம். "வெட்டின பாணை எப்பிடி மாஸ்டர் பிக்கிறது? அது ஏற்கனவே இருவது துண்டு. ஒரே பாணில எல்லாரும் சாப்பிடுறதெண்டுதானே நாம கூடுறம்?"

"அப்ப வேற போறணையில சுடுங்க."

"எந்தப் போறணையெண்டு இவ்வளவு நாளும் ஒருத்தரும் கேட்கேல்ல. இண்டைக்கு ஏன் கேட்கிறீங்க? அந்த மனுசியோட சேர்ந்து சுட்ட பாணைத்தான் இந்த மேசை இவ்வளவு காலமும் கண்டது. இப்ப அவட கையை விலக்கினா, நான் எந்த முகத்தோட கை நீட்டுறது?"

போதகர் இளம் ஆள். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "அம்மாவே கொண்டு வரட்டும்," என்றாராம். மாஸ்டர் மட்டும், "ஏதும் நடந்தா நீங்கதான் பொறுப்பு," என்றாராம். "நான்தான்," என்றாராம் அக்கா.

சனிக்கிழமை வந்தார். அந்தப் பாண் மேசையில் ஏறுமா என்பதுதான் அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் உயிர்போகிற காரியம். அதை நாங்கள் வாயால் சொல்லவில்லை. பிஸ்மில்லாஹ் சொன்னேன், மாவைக் கொட்டினோம். கடை முன்னால் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். உப்பு டின் திறந்திருந்தது. அக்கா இன்னும் போடவில்லை என்று நினைத்து நான் போட்டேன். அவர் விறகைத் தள்ளிக்கொண்டு குனிந்திருந்தார், நான் போட்டதைக் காணவில்லை.

மற்ற மாசங்களில் பச்சை மாவில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது என் வேலை. அன்று எனக்கு நோன்பு. அக்கா பார்த்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பாண் நல்ல நிறத்தில் வந்தது. வழக்கமாக எங்கள் பாணை அங்கேயே பிய்த்துச் சாப்பிடுவோம். அன்று அவர் அதை முழுசாக என் கையில் தந்தார். "நோன்பு திறக்கக்குள்ள பிச்சுச் சாப்பிடுங்க." மேசைப் பாணை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு போனார்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். பேரீத்தம்பழம் தின்று, தண்ணீர் குடித்து, கஞ்சிக்கு அந்தப் பாணைப் பிய்த்து வாயில் வைத்தேன். உப்பு! கடல் தண்ணீர் மாதிரி இருந்தது.

போனை எடுத்தேன்.

"அக்கா, அந்தப் பாணை மேசையில வைக்காதீங்க. உப்பு ரெண்டு தரம் விழுந்திட்டு. நீங்க போட்டீங்களா?"

"போட்டன்."

"நானும் போட்டிட்டன். நீங்க நாக்கில வச்சுப் பார்க்கல்லியா?"

"நீங்க வாய் காய்ஞ்சு நிக்கக்குள்ள, உங்கட முன்னால நான் எப்பிடி ராத்தா வாயில வைக்கிறது?"

நான் சொன்னேன்: "நான் நோன்பு பிடிக்கச் சஹருக்கு எழும்பின கையோட மாக் குழைக்கிறன். விடியக்குள்ள சூடா வேற பாண் தாறன்."

"வேணாம்."

"அக்கா, அவங்க உப்பைச் சொல்லமாட்டாங்க. எங்களைச் சொல்லுவாங்க. வேணுமெண்டு செஞ்சதெண்டுவாங்க."

"ஓம், சொல்லுவாங்க. வேற பாண் வச்சா, இதை நாம ஒளிச்சதாப் போகும். ஒளிக்க நாம என்ன செஞ்சம்? இதைத்தான் வைப்பன். சொல்லிப்போட்டு வைப்பன்."

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை முழுக்க நான் கடைப் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன். அங்கே நடந்ததை எனக்குச் சொன்னவர் அக்கா இல்லை. மாஸ்டர். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

பாணை மேசையில் வைக்குமுன் அக்கா முன்னால் போய் நின்றாராம். "இந்தப் பாண் உப்புக் கரிக்கும். நான் போட்டது தெரியாம அந்த ராத்தாவும் போட்டிட்டா. அவ நோன்பு, அதால ருசி பார்க்கேல்ல. அவ நோன்பெண்டு நானும் பார்க்கேல்ல. நடந்தது இவ்வளவுதான். விருப்பமில்லாத ஆக்கள் கை நீட்ட வேணாம். மிஞ்சினதை நான் சாப்பிடுவன்."

போதகர் பிய்த்தாராம். முதலில் அக்கா வாங்கினாராம். பிறகு ஒருவர், பிறகு ஒருவர். மூன்று நாலு பேர் எழும்பாமலே இருந்தார்களாம். மாஸ்டரும் இருந்தாராம். கடைசியில் அவர் எழும்பிப் போய்க் கை நீட்டினாராம்.

"ஏன் மாஸ்டர் போனீங்க?" என்று கேட்டேன்.

"காட்டிக் குடுக்கிறவன் எவனெண்டு நானும் மனசுக்குள்ள தேடிக்கொண்டுதான் இருந்தன்," என்றார். "தேடத் தேட எனக்கு வேற ஒருத்தரும் கிடைக்கேல்ல."

கொஞ்சம் பொறுத்து, "ஆனாலும் ராத்தா, சரியான உப்பு. மூண்டு கிளாஸ் தண்ணி குடிச்சன்," என்றார்.

இதைச் சொல்ல அவர் அடுத்த மாசம் சனிக்கிழமை அக்காவோடு போறணைக்கே வந்திருந்தார். நோன்பு முடிந்திருந்தது. ஆனாலும் நான் கிள்ளுவதற்கு முன் மாஸ்டரே மாவில் ஒரு கிள்ளு எடுத்து நாக்கில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டினார். அன்றிலிருந்து நோன்பு மாசத்து உப்புப் பார்க்கிற வேலை அவருடையது. எழும்பாமல் இருந்த அந்த மூன்று நாலு பேரில் ஒருத்தர் இன்றுவரை என் கடைக்கு வரவில்லை. அவரை நான் குறை சொல்லவில்லை. பாணைச் சுட்டு வைக்கிறேன், அவ்வளவுதான் என் வேலை.

அக்கா இப்போது இல்லை. அவரை நான் கடைசியாகப் பார்த்தது ஒரு முதல் ஞாயிறு. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். முதல்நாள் நானே தனியாகக் குழைத்துச் சுட்ட இரண்டு பாணில் ஒன்று சபைக்குப் போயிருந்தது. மற்றது என் பையில் இருந்தது. ஆராதனை முடிந்து போதகர் வந்தார். எழும்பி நடக்க ஏலாதவர்களுக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பார்களாம். நான் வெளியே போக எழும்பினேன். அக்கா கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

போதகர் பிரார்த்தித்து, துணியை விரித்து, ஒரு சின்னத் துண்டை அவர் கையில் வைத்தார். அக்காவின் விரல்கள் அதை இரண்டாகப் பிய்த்தன. கூடின துண்டு என் பக்கம் வந்தது. பாதி வழியில் கை நின்றது.

போதகர் என்னைப் பார்த்தார். நான் அந்தத் துண்டைப் பார்த்தேன்.

"பழக்கம், ராத்தா," என்றார் அக்கா. சத்தம் வராமல் சிரித்தார். கண்ணை மூடி, இரண்டு துண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே சாப்பிட்டார். விரலில் ஒட்டியதையும் விடவில்லை. பிறகு கண்ணைத் திறந்து கேட்டார்: "நம்மட பாண் எங்க?"

பையிலிருந்து எடுத்தேன். போதகர் நல்ல மனதோடு எழும்பி, "குசினியில கத்தி இருக்கா பாக்கட்டா?" என்றார்.

"வேணாம்," என்றோம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

பிய்த்தேன். கூடக்குறையத்தான் வந்தது. கூடினதை அவர் கையில் வைத்தேன். அதை எடுத்து என் கையில் இருந்த பாதியோடு பொருத்திப் பார்த்தார். பொருந்தியது.

"கூடினதை எனக்குத் தந்திட்டீங்க."

"அடுத்த ஆள் நீங்கதானே அக்கா."

கொஞ்ச நேரம் அதை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாகப் பிய்த்து, கூடின துண்டைப் போதகரிடம் நீட்டினார்.